வரிசை அறியாதவர்கள் போட்ட வரிசை

பெண்கள் ரக்பிக்கு ஓர் உலகத் தரவரிசை இருக்கிறது. விளையாட்டை நிர்வகிக்கும் உலக ரக்பி அமைப்பு 2016 பிப்ரவரியில் அதைத் தொடங்கியது. ஆண்களுக்கு 2003லேயே தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு நாட்டு அணிக்கும் ஓர் எண். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். பார்ப்பதற்கு மிகத் துல்லியமாக இருக்கும். இந்த நாட்டுப் பெண்கள் முதலிடம், அந்த நாட்டுப் பெண்கள் இருபதாம் இடம் என்று செய்தி எழுதுகிறவர்கள் அந்த எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் அந்தப் பட்டியலோடு சண்டை போட வந்திருக்கிறேன். கணக்கில் கள்ளம் இருக்கிறது என்று சொல்லவில்லை. கூட்டலும் கழித்தலும் சரியாகத்தான் நடக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியல் பெண்களின் திறமையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு அவரவர் நாட்டு வாரியம் கொடுத்த ஆட்டங்களையும் சம்பளத்தையும் விமானச்சீட்டையும் அளக்கிறது. வாரியம் வாங்கவேண்டிய மதிப்பெண்ணை வீராங்கனையின் முதுகில் எழுதி ஒட்டுகிறது. பெண்களைப் படிக்க விடாமல் வைத்திருந்துவிட்டுப் பெண்களுக்கு அறிவு குறைவு என்று சொன்ன அதே தர்க்கம் இது. இப்போது தசமப் புள்ளியோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரக்பி நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம். ஆகவே இரண்டு வரி. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். முன்னால் நிற்பவருக்குக் கையால் வீசக் கூடாது, பின்னால் வருபவருக்குத்தான் தர வேண்டும். பந்தை வைத்திருப்பவரை எதிரணி கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம் உண்டு. கனத்த உடம்புக்காரிக்கு ஸ்க்ரமின் முன்வரிசையில் இடம். நெடியவளுக்கு அதன் நடுவில். குட்டையானவள் ஸ்க்ரமின் காலடியிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பாள். வேகமாக ஓடுகிறவள் மைதானத்தின் ஓரத்தில் காத்திருப்பாள். பிறந்ததிலிருந்து எடையைக் குறை, குரலைக் குறை, காலை ஒடுக்கி உட்கார் என்று கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணிடம், உன் எடை எங்களுக்கு வேண்டும் என்று சொல்லும் ஆட்டம் இது.

அதனால்தான் இது மறுக்கப்பட்டது. பிரான்சில் பெண்கள் கூடி ரக்பி ஆடத் தொடங்கியபோது, 1970களின் தொடக்கத்தில், அந்நாட்டு விளையாட்டுத் துறையின் உயர் அதிகாரி உடலியல் காரணங்களைக் காட்டிப் பெண்களுக்கு இந்த ஆட்டம் ஆகாது என்று எழுதினார். பெண்கள் நிற்கவில்லை. 1982 ஜூனில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நெதர்லாந்துப் பெண்களும் பிரான்ஸ் பெண்களும் ஆடியதுதான் பெண்கள் ரக்பியின் முதல் சர்வதேச ஆட்டம். பிரான்ஸ் 4–0 என்று வென்றது. ஆண்களின் முதல் சர்வதேச ஆட்டம் 1871இல் நடந்தது. இடையில் நூற்றுப் பதினொரு ஆண்டுகள். தரவரிசையைப் பார்க்கும்போது இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் உலகக் கோப்பையின் கதையைப் பெண்கள் படிக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் சொல்ல வேண்டும். 1991 ஏப்ரலில் வேல்ஸில் அது நடந்தது. நடத்தியது எந்த வாரியமும் அல்ல. லண்டனின் ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த நான்கு பெண்கள்: டெபரா கிரிஃபின், சூ டாரிங்டன், ஆலிஸ் கூப்பர், மேரி ஃபோர்சித். அப்போதைய சர்வதேச ரக்பி வாரியம் 1886இல் தொடங்கப்பட்டது. நூறு வயதைக் கடந்த அந்த அமைப்பு இந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை. பெரிய விளம்பரதாரர் கிடைக்கவில்லை. பன்னிரண்டு அணிகள் வந்தன. சோவியத் பெண்களிடம் அந்நியச் செலாவணி இல்லை. விற்றுச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வோட்காவும் கேவியாரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள், சுங்க அதிகாரிகள் பின்னாலேயே வந்தார்கள். கார்டிஃபில் நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா இங்கிலாந்தை 19–6 என்று வென்றது.

1994இல் நெதர்லாந்தில் நடக்கவேண்டிய இரண்டாவது போட்டி, வாரியத்தின் அங்கீகாரம் கிடைக்காததால் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்துப் பெண்கள் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் சுமார் மூன்று மாதத்தில் ஏற்பாடு செய்து நடத்தினார்கள். 1998இல்தான் வாரியம் தன் பெயரைக் கொடுத்தது. முதல் இரண்டு போட்டிகளும் உலகக் கோப்பைகள்தாம் என்று அது ஒப்புக்கொண்டது 2009இல். பதினெட்டு ஆண்டுகள் அந்த அமெரிக்கப் பெண்கள் அதிகாரபூர்வமாக எதையும் வெல்லாதவர்களாகவே இருந்தார்கள்.

இதே அநீதியை ஒரே வீட்டுக்குள் பார்க்கலாம். 2025ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கனடாவின் சோஃபி டி கூட். அவருடைய தந்தை ஹான்ஸ் டி கூட் 1987இல் நடந்த ஆண்களின் முதல் உலகக் கோப்பையில் கனடாவுக்குத் தலைமை தாங்கினார். தாய் ஸ்டெஃபனி ஒயிட் அதே 1987இல் கனடாவின் முதல் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கினார். தந்தைக்குப் போய் ஆட ஓர் உலகக் கோப்பை இருந்தது. தாய்க்கு இல்லை. இருவரில் யாருக்குத் திறமை குறைவு என்று எந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்வது?

இனி அந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்படவேண்டும் என்பதற்காகத்தான் பல எண்கள் எழுதப்படுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு புள்ளி இருக்கும். இரண்டு அணிகள் ஆடினால், ஒன்று பெறுவதை மற்றது இழக்கும். புதிதாக எதுவும் உண்டாகாது. சொந்த மண்ணில் ஆடும் அணிக்குக் கணக்குப் போடும்போது மூன்று புள்ளி கூட்டிக்கொள்வார்கள், அதற்கு அனுகூலம் அதிகம் என்பதால். பதினைந்து புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றால் கைமாறும் அளவு ஒன்றரை மடங்கு. உலகக் கோப்பை ஆட்டமென்றால் இரட்டிப்பு. இரண்டு அணிகளின் தரப்புள்ளிக்கு இடையே பத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், பலமான அணி வென்றும் ஒன்றும் பெறாது.

கடைசி விதியை மறுபடி படியுங்கள். பலவீனமான அணியை வென்று பெரியவர் ஏறிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்ட விதி. நடைமுறையில் என்ன ஆகும்? மேலே இருக்கும் அணிக்குக் கீழே இருக்கும் அணியோடு ஆட எந்தக் காரணமும் இருக்காது. வென்றால் ஒன்றுமில்லை, தோற்றால் நஷ்டம். பெரியவர்கள் பெரியவர்களோடு ஆடிக்கொள்வார்கள். ஐரோப்பாவின் ஆறு நாட்டுப் பெண்களுக்கு ஆறு நாடுகள் போட்டி ஆண்டுதோறும் உண்டு; ஆளுக்கு ஐந்து ஆட்டம் உறுதி. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் உள்ள அணிகளுக்கு அப்படிப்பட்ட உறுதி எதுவும் இருந்ததில்லை. புள்ளி ஆட்டத்தில்தான் கைமாறும். ஆட்டமே கிடைக்காதவளுக்குப் புள்ளி எங்கிருந்து வரும்? அவள் விடிகாலையில் எழுந்து எத்தனை மலையேறி ஓடினாலும் அந்த எண் அசையாது. பந்தியில் உட்கார வைக்காமலேயே சாப்பிடத் தெரியாதவள் என்று எழுதிவைப்பது போன்றது இது.

ஆதாரம் வேண்டுமா? ஒவ்வொரு நாடாகப் பார்க்கலாம்.

அயர்லாந்து. அந்நாட்டுப் பெண்கள் 2013இல் ஆறு நாடுகள் போட்டியின் எல்லா ஆட்டங்களையும் வென்றார்கள். 2014 உலகக் கோப்பையில் நியூசிலாந்தையே 17–14 என்று தோற்கடித்தார்கள். அந்த வெற்றிகளுக்குப் பின்னால் போட வேண்டிய பணத்தையும் கவனத்தையும் நிர்வாகம் போடவில்லை. 2017இல் தாங்களே நடத்திய உலகக் கோப்பையில் எட்டாம் இடம். அடுத்த உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. 2021 செப்டம்பரில் ஸ்பெயினிடமும் ஸ்காட்லாந்திடமும் ஒன்றிரண்டு புள்ளிகளில் தோற்றார்கள். அந்த டிசம்பரில் இந்நாள், முன்னாள் வீராங்கனைகள் 62 பேர் கையெழுத்திட்டு, தங்கள் நாட்டு வாரியத்தின் மீது நம்பிக்கை போய்விட்டது என்று அரசாங்கத்துக்கே கடிதம் எழுதினார்கள். பெரும் சத்தம் எழுந்தது. 2022 இறுதியில் ஊதிய ஒப்பந்தங்கள் வந்தன. 2024 செப்டம்பரில் அதே அயர்லாந்து நியூசிலாந்தை 29–27 என்று வென்றது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஏறி இறங்கி ஏறியது அயர்லாந்துப் பெண்களின் கால்வலிமையா? வாரியத்தின் மனசாட்சி ஏறி இறங்கியது. இறங்கியபோது பெண்கள் பெயரில் இறக்கம் எழுதப்பட்டது. கடிதம் எழுதிய 62 கைகளுக்குத் தரவரிசையில் புள்ளி இல்லை. அந்த நாட்டுப் பெண்கள் ரக்பிக்கு அதைவிடப் பெரிய வெற்றியை வேறு எந்த ஆட்டம் தந்தது?

நியூசிலாந்து. ஆறு முறை உலகக் கோப்பையை வென்றவர்கள். 2019 ஆகஸ்டிலிருந்து 2021 அக்டோபர் இறுதிவரை அந்தப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பெருந்தொற்று என்றார்கள். அதே பெருந்தொற்றில் அந்நாட்டு ஆண்கள் அணி 2020லேயே சர்வதேச ஆட்டங்களுக்குத் திரும்பிவிட்டது. இரண்டாண்டுக்கு மேல் ஆடாமல் ஐரோப்பாவுக்கு வந்த பெண்கள் இங்கிலாந்திடம் இரண்டு முறை, பிரான்சிடம் இரண்டு முறை பெரும் வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு அணியின் மூத்த வீராங்கனை ஒருவர், பயிற்சியாளரின் சொற்கள் தன்னை எப்படி உடைத்தன என்று வெளிப்படையாக எழுதினார். விசாரணை நடந்தது, 2022 ஏப்ரலில் அறிக்கை வந்தது, பயிற்சியாளர் விலகினார். அந்த நவம்பரில் ஈடன் பார்க் மைதானத்தில் 42,579 பேர் முன்னிலையில், முப்பது ஆட்டங்கள் தொடர்ந்து வென்று முதலிடத்தில் இருந்த இங்கிலாந்தை 34–31 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். பெண்களை ஆடவிட்டு, மரியாதையாக நடத்தினால் ஒரே ஆண்டில் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. தரவரிசையில் இதற்கு ஒரு கட்டம் உண்டா?

இங்கிலாந்து. 2017 உலகக் கோப்பைக்கு முதலிடத்தில் இருந்தபடி சென்றார்கள். போட்டி முடிந்ததும் பதினைந்து பேர் ஆட்டத்துக்கான அவர்களுடைய சம்பள ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படமாட்டா என்ற செய்தி, போட்டி தொடங்குவதற்கு முன்பே வெளியாகியிருந்தது. ஒலிம்பிக்கில் எழுவர் ஆட்டம் சேர்ந்துவிட்டது. பணம் அங்கே போனது. உலகின் முதலிட அணிக்கே அந்த எண் சோறு போடவில்லை என்பதைக் கவனியுங்கள். இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்திடம் 41–32 என்று தோற்றார்கள். 2019 ஜனவரியில் 28 பெண்களுக்கு முழுநேரச் சம்பளம் வந்தது. அதன் பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. 2025 செப்டம்பர் 27 அன்று ட்விக்கனத்தில் கனடாவை 33–13 என்று வென்றபோது அது அவர்களுடைய தொடர்ச்சியான 33ஆவது வெற்றி. அந்தப் பெண்களின் உழைப்பை நான் குறைக்கவில்லை. அவர்களுடைய உழைப்புக்குக் கூலி கிடைத்தது என்கிறேன். கூலி கிடைத்த உழைப்பும் கிடைக்காத உழைப்பும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும்போது, கூலியை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் ஒப்பிடுவது நேர்மையில்லை.

அந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற கனடா உலகின் இரண்டாம் இடத்து அணி. அரையிறுதியில் நியூசிலாந்தை 34–19 என்று வீழ்த்தி வந்தவர்கள். உலகக் கோப்பைக்குத் தயாராவதற்குப் பணம் போதாமல், அந்நாட்டில் பத்து லட்சம் டாலர் திரட்டுவதற்கு மக்களிடம் கையேந்த வேண்டியிருந்தது. உலகின் இரண்டாம் இடமே உண்டியல் குலுக்கித்தான் வர வேண்டுமென்றால், இருபதாம் இடத்தின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். முதலாவது, சந்தை. பார்க்க ஆள் இருந்தால் பணம் வரும், பெண்கள் ரக்பியை யார் பார்க்கிறார்கள் என்பார்கள். 2025 உலகக் கோப்பைக்கு நாலு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் சீட்டுகள் விற்றன. இறுதி ஆட்டத்தை மைதானத்தில் பார்த்தவர்கள் 81,885 பேர். ஆனால் இதை வெற்றிச்சான்றாகக் காட்டி நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆள் வந்த பிறகுதான் மதிப்பு என்ற வாதத்தையே ஏற்கக் கூடாது. ஆண்கள் ரக்பிக்கு முதல் ஆட்டத்திலேயே 80,000 பேர் வந்துவிடவில்லை. நூறாண்டு பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ராணுவமும் செய்தித்தாள்களும் அதை ஊட்டி வளர்த்தன. அந்த ஊட்டத்துக்கு யாரும் சந்தை என்று பெயர் வைக்கவில்லை, மரபு என்று வைத்தார்கள். பெண்களுக்கு மட்டும் முதல் நாளே கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள்.

இரண்டாவது பதில் இன்னும் சாமர்த்தியமானது. பலவீனமான அணிகளைச் சேர்த்தால் ஆட்டம் ஒருதலையாகிறது, பார்க்கச் சகிக்கவில்லை, அந்தப் பெண்களுக்கே அவமானம் என்று கரிசனத்தோடு சொல்வார்கள். 2025இல் இங்கிலாந்து சமோவாவை 92–3 என்று வென்றதை எடுத்துக்காட்டுவார்கள். சமோவா பெண்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவர்கள். எதிரே நின்றவர்களுக்கு ஆட்டமே வேலை. சரி, ஆண்கள் கதையைப் பார்ப்போம். 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்து ஆண்கள் ஜப்பானை 145–17 என்று அடித்தார்கள். 2003இல் ஆஸ்திரேலியா நமீபியாவை 142–0 என்று அடித்தது. ஜப்பான் ஆண்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்களா? இல்லை. தொடர்ந்து அழைத்தார்கள், ஆட்டம் கொடுத்தார்கள், பயிற்சியாளர்களைக் கொடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2015இல், அதே ஜப்பான் தென்னாப்பிரிக்காவை 34–32 என்று வென்றபோது ரக்பி வரலாற்றின் மாபெரும் அதிர்ச்சி என்று கொண்டாடினார்கள். ஆண் தோற்றால் அது வளர்ச்சிக்கான பாடம். பெண் தோற்றால் அவளைச் சேர்த்ததே தவறு.

இந்த வாதம் வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை, செயலாகவும் நடந்தது. 1998இலும் 2002இலும் பெண்கள் உலகக் கோப்பையில் 16 அணிகள் ஆடின. 2006இல் அதைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். மீண்டும் பதினாறு ஆனது 2025இல்தான். ஆண்களுக்கு 1999 முதல் இருபது, 2027இல் இருபத்து நான்கு. பெண்கள் உலகக் கோப்பை சுருங்கிக் கிடந்த அந்த இரண்டு பத்தாண்டுகளில் வெளியே தள்ளப்பட்டவர்கள் யார்? 1982இல் முதல் சர்வதேச ஆட்டத்தை நடத்திய நெதர்லாந்து 2002க்குப் பிறகு ஓர் உலகக் கோப்பையிலும் ஆடவில்லை. வாசலைக் குறுக்கிவிட்டு, உள்ளே வராதவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். ஆசியாவிலிருந்து கஜகஸ்தான் பெண்கள் 1994 முதல் 2014 வரை தொடர்ந்து ஆறு உலகக் கோப்பைகளில் ஆடியவர்கள். ஆண்கள் உலகக் கோப்பையின் பக்கமே எட்டாத ஒரு நாட்டின் பெண்கள் அங்கே ஆறு முறை நின்றிருக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசியா என்றதும் இந்தியாவையும் பேசித்தான் ஆக வேண்டும். 2016இல் உலகப் பட்டியல் தொடங்கியபோது இந்தியப் பெண்கள் பதினைந்து பேர் ஆட்டத்தில் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. முதல் ஆட்டம் 2018 ஜூனில், சிங்கப்பூரில். தோற்றார்கள். ஓராண்டு கழித்து, 2019 ஜூனில், பிலிப்பைன்சில் அதே சிங்கப்பூரை 21–19 என்று வென்றார்கள். ஓர் ஆண்டு இடைவெளியில் தோல்வியிலிருந்து வெற்றிக்கு வந்தவர்கள் அவர்கள். வளர்ச்சி வேகத்துக்குத் தரவரிசை இருந்தால் எந்த இடத்தில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆட்டத்துக்கு இந்தியாவில் உயிர் கொடுப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் முக்கியம். புவனேஸ்வரத்தின் கலிங்கா நிறுவனப் பள்ளியில் படிக்கும் ஒடிசாவின் ஆதிவாசிப் பெண்கள். வங்காளத்தின் வடக்கே சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள். பீகாரின் பார் ஊரிலிருந்து வந்த ஸ்வீட்டி குமாரியை, பெண்கள் ரக்பிக்காகவே நடத்தப்படும் ஸ்க்ரம்குவீன்ஸ் இணைய இதழ் 2019ஆம் ஆண்டின் சிறந்த இளம் சர்வதேச வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ்காரர்கள் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம், அவர்கள் போட்ட தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் கொள்ளுப்பேத்திகள் கையில் இப்போது இருக்கிறது. சாதியும் வர்க்கமும் பாலினமும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தும் இடத்திலிருந்து எழுந்த பெண்கள் அவர்கள். எந்த எண் அவர்களைச் சொல்லும்?

2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரிமியர் லீக் நடந்தது. ஆறு அணிகள், ஏலம், தொலைக்காட்சி, வெளிநாட்டு நட்சத்திரங்கள் எல்லாம் உண்டு. கோப்பையை எடுத்தது சென்னை புல்ஸ். நம் ஊர்ப் பெயர், மகிழலாம். ஆனால் ஆறும் ஆண்கள் அணிகள். சர்வதேச அரங்கில் தோட்டத்துப் பெண்களும் ஆதிவாசிப் பெண்களும் ஓடிச் சம்பாதித்துக் கொடுத்த பேரில் ரக்பி இந்தியாவில் செய்தியானது. முதல் முதலீடு வந்தபோது அது ஆண்கள் பக்கம் போனது. பெண்கள் லீக் பிறகு வரும் என்பார்கள். பிறகு என்பது எவ்வளவு நேரம் என்று 1871இலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் படித்தவள் என்ற முறையில் இந்தச் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரவரிசை. இரண்டு சொற்கள் சேர்ந்தது. தரம் என்ற சொல்லைப் பெண்ணுக்கு நம் சமூகம் எப்படிப் பயன்படுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். தரங்கெட்டவள் என்று ஒரு வசை இருக்கிறது, அதற்கு ஆண்பால் அவ்வளவாகப் புழங்குவதில்லை. பெண்ணை அளந்து மேலே கீழே வைப்பது நமக்குப் பழகிய வேலை. ஆனால் வரிசை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வேறொரு பொருள் உண்டு. தகுதி அறிந்து கொடுக்கும் சிறப்பு அது. வரிசை அறிதல் என்பது கொடுக்கும் அரசனின் கடமை. அதை அறியாத அரசனைப் புலவர்கள் முகத்துக்கு நேரே இடித்துச் சொன்னார்கள். பரிசில் பெறாத பாணனையும் விறலியையும் யாரும் குறைசொல்லவில்லை. குறை கொடுக்காதவனுடையது.

அந்தப் பழைய நியாயம்தான் இங்கே வேண்டும். அணிகளை வரிசைப்படுத்துவதற்கு முன் வாரியங்களை வரிசைப்படுத்துங்கள். ஒவ்வோர் அணியின் புள்ளிக்குப் பக்கத்திலும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்தப் பெண்களுக்கு எத்தனை சர்வதேச ஆட்டம் கிடைத்தது, எத்தனை பேருக்குச் சம்பளம், வாரியத்தின் பணத்தில் எத்தனை பங்கு பெண்களுக்குப் போனது என்று அச்சிடுங்கள். மேலே இருக்கும் பத்து அணிகளும் ஆண்டுக்கு ஓர் ஆட்டமாவது கீழே உள்ள அணியோடு ஆடவேண்டும், பயணச் செலவைப் பணக்கார வாரியம் ஏற்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். வென்றால் ஒன்றும் கிடைக்காது என்ற விதியை வைத்துக்கொண்டு இதைக் கருணையாக விட்டுவிட முடியாது, கடமையாக்க வேண்டும். பதினாறை இனி ஒருபோதும் பன்னிரண்டாக்காதீர்கள். இந்தியாவில் அடுத்த லீக் நடக்கும்போது பெண்கள் அணி இல்லாமல் ஓர் அணிக்கும் உரிமம் தராதீர்கள்.

1991இல் அங்கீகாரம் இல்லாமல் உலகக் கோப்பை நடத்திய நால்வரில் ஒருவரான டெபரா கிரிஃபின் 2025இல் இங்கிலாந்து ரக்பி வாரியத்தின் முதல் பெண் தலைவரானார். 34 ஆண்டுகள் ஆயிற்று. இதைக் கேட்டதும் பொறுமையாக இருந்தால் எல்லாம் தானாக வரும் என்று ஆறுதல் சொல்ல ஒருவர் கிளம்பி வருவார். அவரிடம் சொல்லுங்கள்: அந்த நால்வரும் காத்திருக்கவில்லை. வாரியம் இல்லாமல், பணம் இல்லாமல், பட்டியலில் பெயர் இல்லாமல் பன்னிரண்டு நாட்டுப் பெண்களைக் கூட்டி ஆடவைத்தார்கள். பட்டியல் போட்டவர்கள் பிற்பாடுதான் வந்து சேர்ந்தார்கள்.